வெள்ளைக்காரர் சவக்காலையும் வியாழக் கிரகமும்

திருகோணமலையில் படித்த எவருக்கும் அந்த இடத்துக்கு வழி சொல்லத் தேவையில்லை. சென் ஸ்டீபன் கல்லறைத் தோட்டம் என்பது அதன் பெயர். ஊரில் அது வெள்ளைக்காரர் சவக்காலைதான். கோட்டைப் பக்கத்து மான்கள் நகரெல்லாம் மேய்வதுபோல அதற்குள்ளும் மேயும். நாங்கள் அதைத் தாண்டிப் போனோமே தவிர உள்ளே போனதில்லை.

உள்ளே கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் சரித்திர ஆசிரியர். ஆளுக்கு ஒரு கல்லைப் பிடித்து, அதிலுள்ளதை எழுதி வா என்றார். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கல்லில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வெயில் சரிந்து எழுத்துகளின் ஓரத்தில் நிழல் விழும் வரை பொறுக்கச் சொன்னார். எனக்குக் கிடைத்த பலகையில் ஒரு காலத்தில் ஈய எழுத்துகள் பதித்திருந்திருக்கிறார்கள். ஈயம் விழுந்துபோய், அதைப் பிடித்திருந்த சிறு துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அந்தத் துளைகளை விரலால் தடவித் தடவியே பெயரை ஊகித்தேன். வயது மட்டும் தெளிவாக இருந்தது: இருபத்தொன்று.

அதிகம் பேர் அந்த வயதுக்காரர்கள்தாம். துறைமுகத்துக்காகக் கப்பலில் வந்தவர்களைச் சண்டையை விட வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுளைவும்தான் கொண்டுபோயின. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். பிறகு அது ஒல்லாந்தரிடம் திரும்பிப் போய், 1795இல் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1957இல்தான் அவர்களுடைய கடற்படை மூட்டை கட்டியது. இவ்வளவு இழுபறியின் விலை அந்த மதிலுக்குள் கிடக்கிறது. துறைமுகத்தில் மாடாய் உழைத்த நம் ஊர்ச் சனத்துக்கு ஒரு கல்லும் இல்லை என்பதையும் சேர் அன்றே சொன்னார்.

அங்கே அடக்கமானவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. 1801இல் இளம் அதிகாரியாக இருந்தபோது எதிரிக் கப்பலைப் பிடித்ததற்குத் தன் பங்காக 30 பவுண் கிடைத்ததும், இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கியவர். வீண் செலவு என்று ஜேன் செல்லமாகக் கடிந்துகொண்டாராம். அந்தச் சிலுவைகள் இன்றும் இங்கிலாந்தில், ஜேன் வாழ்ந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தம்பி இரண்டாம் பர்மியப் போரில் ஐராவதி நதியில், 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி, வாந்திபேதியில் இறந்தார். வயது 73. இவரைத் தேடி வெளிநாட்டுக்காரர் வருவதுண்டு.

மற்றவரைத் தேடி அவ்வளவாக யாரும் வருவதில்லை. அதுதான் எனக்கு ஆறாத கவலை. பெர்சி மோல்ஸ்வேர்த், இராணுவப் பொறியியல் பிரிவு அதிகாரி. 1867இல் கொழும்பில் பிறந்தவர். திருகோணமலையில் வேலை பார்த்துக்கொண்டே, பன்னிரண்டரை அங்குல அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்றை வைத்து இரவிரவாக வியாழனைப் பார்த்தவர். 1906இல் சேவையை விட்ட பிறகும் வானத்துக்காகவே இங்கு தங்கி, 1908 நத்தார் தினத்தில் 41 வயதில் காலமானார்.

சுற்றுலாக் கையேடுகள் இவரை இலங்கை ரயில்வேயின் முதல் அதிகாரி என்றும், வியாழனில் சுழலும் மாபெரும் புயலான பெரும் சிவப்புப் புள்ளியைக் கண்டுபிடித்தவர் என்றும் எழுதுகின்றன. இரண்டும் பிழை. ரயில்வேயில் இருந்தவர் இவருடைய தகப்பனார் கில்ஃபோர்ட் மோல்ஸ்வேர்த். சிவப்புப் புள்ளியை உலகமே வியந்து பார்த்த 1878இல் இவருக்கு வயது 11.

இவர் கண்டது வேறு. 1901 பெப்ரவரி 28ஆம் திகதி, சிவப்புப் புள்ளி இருக்கும் அதே தென் வலயத்தில் வியாழனின் மேகங்களில் புதிதாக ஒரு கருமையான கலக்கத்தைக் கண்டார். அது சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. வியாழனை ஆராய்ந்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். ஏன் திருகோணமலையில் இருந்து? அந்த ஆண்டு வியாழன் தெற்கே தாழ்ந்து நின்றது. லண்டனில் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகை அளவுக்குத்தான் ஏறும். அந்தத் தாழ்வில் காற்றின் கலக்கத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாது. நம் ஊரில் அதே கிரகம் கிட்டத்தட்ட அறுபது பாகை உயரத்தில் நின்றது. நம் வானம்தான் அவருக்குக் கைகொடுத்தது! செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. நம் பௌதிகவியல் வகுப்பில் அந்தப் பெயரை ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நிலாவெளி வீதியிலுள்ள இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு பராமரிக்கிறது. புல் வெட்டி, பெயர்கள் துலக்கமாக இருக்கின்றன. பழைய சவக்காலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இலங்கைக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் அச்சிட்டார். அதற்குப் பிறகு மழையும் உப்புக்காற்றும் எத்தனை கல்லைத் தின்றிருக்கும்!

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்திடம் இரண்டு விடயம் கேட்கிறேன். கல்லூரிக்கு எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதற்கு மோல்ஸ்வேர்த் பெயரை வைக்க வேண்டும். வியாழனின் பட்டைகளைப் பார்க்க அது தாராளமாகப் போதும். அப்புறம், விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பின்னேர வெயிலில் சவக்காலைக்குப் போய், கல் கல்லாகப் படம் எடுத்து சங்க மலரின் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். இரும்புத் தூரிகை கொண்டு தேய்க்க வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். வாசித்து எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.