வோல்டெமார்ட்டை விட அம்ப்ரிட்ஜ் அச்சமூட்டுவது ஏன்?

பதின்பருவ வாசகருக்கு எழுதப்படும் நாவல்களில், பெரியவர்களின் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதை முதன்முதலில் புரியவைப்பது பெரும்பாலும் வில்லன் பாத்திரம்தான். அதனால் உலகையே அழிக்கப் புறப்படும் இருள் அரசர்களை விட, மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஆணை பிறப்பிப்பவர்களே என்னை அதிகம் ஈர்க்கிறார்கள்.

2003இல் வெளிவந்த ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் நூலில் வரும் டோலோரஸ் அம்ப்ரிட்ஜ் அத்தகையவர். அந்த வரிசையின் முதன்மை வில்லனான இருள் மந்திரவாதி வோல்டெமார்ட்டைப் போன்ற ஒருவனை எந்த வாசகரும் நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. அம்ப்ரிட்ஜோ இளஞ்சிவப்பு உடையும் பூனைக்குட்டிப் படம் போட்ட தட்டுகளும் கொஞ்சும் குரலுமாக, மந்திரவாதிகளின் அரசான அமைச்சகத்தின் முழு ஆதரவோடு, ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளிக்குள் ஆசிரியராக நுழைகிறார். தற்காப்பு மந்திரங்களைச் செய்து பழக வேண்டாம், பாடநூலைப் படித்தால் போதும் என்கிறார். பிறகு ஆசிரியர்களைக் கண்காணிக்கவும் மாணவர் குழுக்களைக் கலைக்கவும் எண்ணிட்ட கல்வி ஆணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வோல்டெமார்ட் திரும்பிவிட்டான் என்ற, அமைச்சகம் ஏற்க மறுக்கும் உண்மையைச் சொன்னதற்காக, இனிப் பொய் சொல்லக் கூடாதென்று ஹாரி தண்டனையாக எழுத வேண்டியிருக்கிறது. மை தேவைப்படாத அந்தப் பேனா எழுதும் வரியை அவன் கைத்தோலிலேயே கீறுகிறது. இதை அவன் தலைமையாசிரியரிடம் முறையிட மறுப்பதுதான் எனக்கு மிக நுட்பமாகத் தோன்றும் இடம், ஏனென்றால் முறையிட்டால் தான் தோற்றதாகிவிடும் என்கிற அந்த வீம்பு பதினைந்து வயதுக்கே உரியது. ஏழாம் நூலில் அமைச்சகம் வோல்டெமார்ட்டின் ஆட்களிடம் கைமாறிய பிறகும் அம்ப்ரிட்ஜின் நாற்காலிக்கு எந்தக் குறையும் வருவதில்லை.

ஹங்கர் கேம்ஸ் வரிசையின் மூன்றாம் நூல் (2010) இதையே இன்னும் சங்கடமான இடத்துக்கு இட்டுச்செல்கிறது. சிறுவர் சிறுமியரை ஒருவரையொருவர் கொல்லவைக்கும் போட்டியை ஆண்டுதோறும் நடத்தும் அதிபர் ஸ்னோவை நாம் முழுமனதோடு வெறுத்துவிட்ட பிறகு, கிளர்ச்சியின் தலைவரான காயின், தலைநகரத்துக் குழந்தைகளை வைத்து இன்னொரு முறை அதே போட்டியை நடத்தலாம் என்கிறார். ஸ்னோ மீதான வெறுப்பு, கதாநாயகி காட்னிஸுடையது மட்டுமல்லாமல் நம்முடையதும், காயினுக்கு வாகாகப் பயன்பட்டிருப்பது அப்போதுதான் உறைக்கிறது. ஸ்னோவைக் கொல்வதற்காகக் கொடுக்கப்பட்ட அம்பை காட்னிஸ் காயின் மீது எய்கிறாள்.

வில்லனுக்கு ஒரு பிள்ளைப்பருவச் சோகத்தை ஒட்டவைத்து மன்னிப்பு வாங்கித்தரும் அண்மைக்கால வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஸ்னோவின் இளமையைச் சொல்லும் 2020ஆம் ஆண்டு நாவல் அந்தக் குழியில் விழவில்லை. நொடித்துப்போன குடும்பம், பசி, அதை மறைக்கும் வறட்டுக் கௌரவம் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவனுக்கு வேறு வழி இருந்தது என்பதும் மறைக்கப்படவில்லை. தன்னை உடன்பிறந்தவனாக நம்பிய நண்பனை அவன் காட்டிக்கொடுக்கிறான், நண்பன் தூக்கிலிடப்படுகிறான், உண்மை அறியாத அந்த நண்பனின் பெற்றோரே பின்னர் அவனைத் தங்கள் வாரிசாக ஏற்றுப் படிக்கவைக்கிறார்கள்.