பட்டியலின் கடைசிப் பெயர்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, நான் கேட்காமலே அவர் சொன்னார்: "டாக்டர், எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆறு வருடமாக மாத்திரை விடாமல் சாப்பிடுகிறேன். நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது." நன்றி சொன்னேன், மனதார. பிறகு வெளியே வந்து, மறுநாள் பட்டியலில் இரண்டாவதாக இருந்த அவர் பெயரை அடித்துவிட்டுக் கடைசியில் எழுதினேன். சாதாரணக் குடலிறக்கம்தான். பத்து மணிக்கே முடிந்திருக்க வேண்டிய மனிதர், முந்தைய இரவிலிருந்து வெறும் வயிற்றோடு பிற்பகல் மூன்று வரை காத்திருந்தார்.

மேசையில் படுக்க வைத்தபோது கேட்டார்: "நான் சொல்லாமல் இருந்திருந்தால் எத்தனை மணிக்கு டாக்டர்?"

குரலில் கோபம் இல்லை. நேரம் தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலத்தான் கேட்டார். "முந்தைய கேஸ் இழுத்துவிட்டது" என்றேன். எந்தக் கேஸும் இழுக்கவில்லை.

கடைசியில் வைத்தால் தியேட்டரை நிதானமாகச் சுத்தம் செய்யலாம் என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். ஆனால் யாருடைய ரத்தமானாலும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்ற விதி 1980களிலேயே வந்துவிட்டது. அதன்படி ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஒரே மாதிரிதான் சுத்தம் செய்ய வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், மருந்தால் கிருமி அடங்கியிருப்பவரிடமிருந்து அதனினும் குறைவு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ 30 சதவீதம் வரை போகும். குத்திய பிறகும் எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் மருந்து சாப்பிட வழி இருக்கிறது. இவற்றையெல்லாம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அன்று கருவிகள் எடுத்துக் கொடுத்த செவிலியர் புதியவர். அவருக்குப் பதற்றம் இருக்கும், மற்ற வேலைகள் முடிந்தபின் அவசரமின்றிச் செய்தால் கை தவறாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது உண்மைதானா, அல்லது பிறகு சேர்த்துக்கொண்டதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மட்டும் உறுதி.

பயிற்சிக் காலத்தில், விபத்தில் அடிபட்டு வந்த ஒருவரின் நெற்றிக்குத் தையல் போடும்போது ஊசி என் விரலில் ஏறியது. அவருடைய பெயர்கூடத் தெரியாது, ரத்தத்தில் என்ன இருந்தது என்பதும் தெரியாது. கையைக் கழுவிவிட்டு, வேறு கையுறை மாட்டி, மிச்சத் தையலையும் போட்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். தெரியாத ரத்தத்துக்கு அஞ்சாத நான், மருந்தில் அடங்கிய, தானாக முன்வந்து சொல்லப்பட்ட ஒன்றுக்கு இரட்டைக் கையுறை போட்டேன், தையல் ஊசியைக் கைக்குக் கை மாற்றாமல் தட்டில் வைத்து வாங்கினேன். இவை நல்ல பழக்கங்கள்தான். எல்லோருக்கும் செய்ய வேண்டியவை. அன்று காலை நால்வருக்கு நான் செய்யவில்லை.

தையல் பிரிக்க வந்தபோது அவரிடம் சொல்ல ஏதோ யோசித்து வைத்திருந்தேன். எப்போது பாரம் தூக்கலாம் என்று கேட்டார். ஆறு வாரம் போகட்டும் என்றேன்.

சென்ற மாதம் இளைய மருத்துவர் ஒருவர் இதே காரணத்துக்காக ஒரு பெயரைப் பட்டியலின் அடிக்குக் கொண்டுபோயிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "கழுவ வசதியாக இருக்கும் சார்" என்றார். பேனாவை வாங்கி அந்தப் பெயரை மேலே ஏற்றினேன்; கடைசிக்கு முந்தைய இடத்துக்கு.