கேஸ் ஷீட்டில் எழுதிய ஒரு சொல்

மார்ச் 4, செவ்வாய்

நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. நேற்று இரவு 11.40க்கு எங்கள் மனநல வார்டில் ஒரு பெரியவரைக் கட்டிலோடு கட்டினோம். இடது கையைப் பிடித்தது நான். கேஸ் ஷீட்டில் எழுதியதும் நான்தான்: "அஜிடேட்டட். பணியாளரைத் தள்ளினார். டாக்டர் உத்தரவின்படி கை கால் கட்டப்பட்டது."

அஜிடேட்டட் என்றால் கொந்தளிப்பாக, அமைதியில்லாமல் இருக்கிறார் என்று அர்த்தம். எழுதியது எல்லாம் நடந்ததுதான். எட்டு மணியிலிருந்து நடந்ததை மட்டும் எழுதவில்லை. அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சேர்ந்த அன்றே பெல்ட், ஷூ கயிறு எல்லாவற்றோடும் சேர்த்துக் கண்ணாடியையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டோம். மகளின் போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார். கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடியாது. போன் பேசும் நேரம் ஒன்பது மணியோடு முடிந்துவிட்டது. "காலையில் தருகிறேன் ஐயா" என்று நான் ஐந்து தடவையாவது சொல்லியிருப்பேன். சாவி என் மேசையிலேயே இருந்தது.

(அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஆள், நேரம் பற்றிய சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

மார்ச் 5, புதன்

கட்டிய பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது எங்கள் வார்டு விதி. தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் போதாது. பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே விரலை விட்டு, இறுக்கம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் உடனே சிவப்புக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு எப்படி இருக்கிறது, தாகம் எடுக்கிறதா, சிறுநீர் கழிக்க வேண்டுமா, எல்லாம் கேட்க வேண்டும். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். குப்புறப் போட்டு அமுக்கினால் மூச்சே நின்றுவிடலாம். கட்டப்பட்டவர்கள் இறந்துபோவதும் உண்டு. அதனால்தான் இத்தனை கெடுபிடி.

இரண்டாவது முறை போனபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "சிஸ்டர், மூக்கு அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடுறீங்களா?"

சொறிந்துவிட்டேன். கோபமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்துத்தான் பக்கத்தில் போனேன். அவரோ நன்றி சொன்னார். அப்போதே அவிழ்த்திருக்கலாம். அவிழ்க்க டாக்டரைக் கூப்பிட வேண்டும், இரண்டு பேர் கூட நிற்க வேண்டும், மறுபடி ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. 1.25க்குத்தான் அவிழ்த்தோம். வலது மணிக்கட்டில் பட்டையின் தடம் காலைவரை மறையவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்று லீவு. மனநோயாளிகளின் பாதுகாப்புக்காக ஐ.நா. பொதுச்சபை 1991 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். மொத்தம் 25. படித்த காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவை.

கட்டுவதைப் பற்றி 11ஆவது கோட்பாட்டில் வருகிறது. நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ உடனடியாக நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் கட்டலாம். கண்டிப்பாகத் தேவைப்படும் நேரத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. ஏன் கட்டினோம், எப்படிக் கட்டினோம், எவ்வளவு நேரம் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். நோயாளிக்குப் பிரதிநிதி இருந்தால் அவருக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்ல வேண்டும்.

வேறு வழியே இல்லையா? அலமாரியைத் திறந்து கண்ணாடியைக் கொடுப்பது ஒரு வழி. மகளுக்கும் நாங்கள் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் சொன்னோம்.

10ஆவது கோட்பாடு மருந்தைப் பற்றியது. தண்டனையாகவோ மற்றவர்களின் வசதிக்காகவோ மருந்து கொடுக்கவே கூடாது என்கிறது. "ஒரு ஊசி போட்டால் வார்டு அமைதியாகிவிடும்" என்று எத்தனையோ இரவு காதில் விழுந்திருக்கிறது. நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

டாக்டர் இன்று அவரைப் பரிசோதித்துவிட்டுச் சொன்னது இன்னும் உறுத்துகிறது. மூன்று நாளாக அவர் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தாரே, உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாரே, அது அகதீசியாவாம். ஹாலோபெரிடால் மாதிரியான மனநோய் மருந்துகளின் பக்கவிளைவு. உடம்புக்குள் ஏதோ பிடித்து உலுக்குவதுபோல இருக்கும், ஓரிடத்தில் நிற்க முடியாது. அதை நோயின் வேகம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு அதே மருந்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். அன்று இரவு கட்டிய பிறகு நாங்கள் போட்ட ஊசியும் அதுதான்.

டோஸைக் குறைத்து, அந்தத் தவிப்பைத் தணிக்கப் புரோப்ரனோலால் என்ற மருந்தைச் சேர்த்திருக்கிறார்.

நான் எழுதிய "அஜிடேட்டட்" என்ற சொல்லுக்குள் இது இருந்தது, கண்ணாடி இருந்தது, போன் நம்பர் இருந்தது. அடுத்த ஷிஃப்ட்டில் வந்தவர்கள் அந்தச் சொல்லை மட்டும் படித்துவிட்டு அவரிடம் போகப் பயந்தார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

வார்டு மீட்டிங். நடந்ததை அப்படியே சொன்னேன். இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

உதவியாளர் அண்ணன் ஒருவர் எழுந்து, "எங்க பாதுகாப்பை யார் பாக்குறது சிஸ்டர்?" என்று கேட்டார். போன வருடம் ஒரு நோயாளி தள்ளியதில் அவருக்குத் தோள் இறங்கிவிட்டது. நியாயமான கேள்வி. இரவில் 38 பேருக்கு நாங்கள் மூன்று பேர். ஆள் கூட்டிக் கேட்டு நிர்வாகத்துக்கு இன்றே கடிதம் போகிறது, எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அதுவரை என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம். ஆள் குறைச்சலுக்கான விலையைப் படுக்கையில் கிடப்பவர் கொடுக்கக் கூடாது என்றேன். அண்ணனுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இருந்தாலும் ஒன்று சொன்னார்: கையை நீட்டும் அளவுக்குப் போவதற்கு முன்னால் எல்லோரும் ஏதோ ஒன்றைப் பல தடவை கேட்டிருப்பார்கள், அவர் பார்த்தவரை அப்படித்தானாம்.

எனக்குப் புஸ்ஸேன் ஞாபகம் வந்தது. பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் 1797இல் நோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவர். அவர் டாக்டர் இல்லை, வார்டு கண்காணிப்பாளர். அதற்கும் முன்னால் அதே பிசெத்ரில் கண்டமாலைக்காக (கழுத்தில் நெறி கட்டும் ஒரு வகைக் காசநோய்) சேர்ந்திருந்த நோயாளி.

சரி, முடிவானது இதுதான்: கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் பொதுவாகப் பூட்டி வைப்பது இனி கிடையாது. ஒருவருக்கு ஆபத்து என்றால் அவருக்கு மட்டும் காரணம் எழுதி வாங்கி வைக்கலாம். கேஸ் ஷீட்டில் "அஜிடேட்டட்" என்று எழுதினால் அவர் என்ன கேட்டார், நாம் என்ன பதில் சொன்னோம் என்பதையும் எழுத வேண்டும்.

மார்ச் 15, சனி

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சும்மா தலையசைத்துவிட்டு, "என்னை எதுக்காகக் கட்டினீங்கன்னு யாருமே சொல்லலியே" என்றார். கட்டும்போதும் சொல்லவில்லை, அவிழ்த்தபோதும் சொல்லவில்லை. அவர் சம்மதமில்லாமல் சேர்க்கப்பட்டவர் என்பதால் சொல்ல வேண்டியதில்லை என்று யாரோ நினைத்திருக்கலாம். சம்மதமில்லாமல் சேர்த்தாலும் காரணத்தைக் கேட்கவும், புகார் கொடுக்கவும், வீட்டோடு பேசவும் அவருக்கு உரிமை உண்டு.

புகார் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

அடுத்த வாரம் வீட்டுக்குப் போகிறார். மறுபடி இப்படி ஆனால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் மகளுக்குப் போன். இருட்டறை வேண்டாம். நடக்கத் தோன்றினால் கூடவே ஒருவர் நடக்க வேண்டும். ஹாலோபெரிடால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சிவப்பு மையில் எழுதச் சொன்னார்.

எழுதியதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். "உடனே கண்ணாடி தரவும்" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "கண்ணாடியை வாங்கவே கூடாது" என்று தன் கையால் எழுதினார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.