இமேக்ஸில் வெப்-மோட்: போடுவது சுகம், பைலோடு சேர்ப்பதுதான் பாடு

உயர்தர ஐசிடி படிக்கிறவர்களுக்கு பைத்தனும் பிஎச்பியும் இரண்டும் வேண்டும். இமேக்ஸ் என்ற உரை திருத்தியில் எழுதுகிறவர்கள் பைத்தனுக்கென்று எதையும் இறக்கத் தேவையில்லை, அதன் மோட் (அந்த மொழிக்கேற்ப நிறமிட்டு உள்தள்ளும் பகுதி) உள்ளேயே இருக்கிறது. மினக்கெட வேண்டியது பிஎச்பிக்குத்தான்.

அதற்கு பிஎச்பி-மோட், வெப்-மோட் என்று இரண்டு பொதிகள் உண்டு. முழுக்க முழுக்க பிஎச்பி இருக்கிற பைலுக்கு முதலாவது நல்லது. ஆனால் செயற்றிட்டத்துக்கு எழுதுகிற பக்கத்தில் எச்டிஎம்எல் படிவம் ஒன்று, அதன் நடுவில் பிஎச்பித் துண்டு, கீழே ஜாவாஸ்கிரிப்ட் என்று எல்லாம் கலந்து கிடக்கும். அதை பிஎச்பி-மோடில் திறந்து டேப் தட்டினால் எச்டிஎம்எல் வரிகள் தாறுமாறாக ஓடும். வெப்-மோட் துண்டு துண்டாகப் பிரித்தறிந்து உள்தள்ளும். ஆகவே வெப்-மோடையே போடுங்கள்.

இமேக்ஸ் 28 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், வெப்-மோட் இருக்கிற நொன்-குனு எல்பா என்ற இணையப் பொதிக் களஞ்சியம் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கும். இணையத்தில் பலர் மெல்பா என்ற இன்னொரு களஞ்சியத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். ஒரு பொதிக்காக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகளின் பட்டியலை இழுப்பது, போன் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிறவருக்கு வீண் செலவு.

ஆல்ட்-எக்ஸ் அழுத்தி பேக்கேஜ்-ரிஃப்ரெஷ்-கொன்டென்ட்ஸ் என்று அடித்து என்டர். முடிந்ததும் மறுபடி ஆல்ட்-எக்ஸ், பேக்கேஜ்-இன்ஸ்டோல், என்டர், வெப்-மோட், என்டர். முதற்படியைத் தாண்டினால், கையிலிருக்கும் பழைய பட்டியலில் உள்ள பதிப்பைத் தேடிப் போய், அது களஞ்சியத்தில் இல்லாமல், கிடைக்கவில்லை என்று திரும்பி வரும்.

ஆல்ட்-எக்ஸ் அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? விண்டோஸ் விசைப்பலகை ரெங்கநாதன் என்ற தமிழ் விசையமைப்பில் நிற்கிறதா என்று பாருங்கள். அப்போது இமேக்ஸுக்குப் போவது எக்ஸ் அல்ல, ஒரு தமிழெழுத்து. விண்டோஸை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, தமிழில் குறிப்புரை எழுதும்போது மட்டும் கொன்ட்ரோலும் பின்சாய்கோடும் அழுத்தி, இமேக்ஸின் சொந்த உள்ளீட்டு முறையான தமிழ்-ஐட்ரான்ஸைத் தெரிவு செய்யுங்கள். கட்டளை விசைகளை அது தொடாது.

இறக்கும்போது களஞ்சியத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றிப் பிழை வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பழைய மேசைக் கணினி வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி வரும். மதர்போர்டின் சிஆர் 2032 பற்றரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அன்றைய திகதிக்குச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை, இமேக்ஸ் மறுப்பது நியாயம்தான்.

இனித்தான் முக்கியமான இடம். பிஎச்பி-மோட் தன்னைத் தானே பைல்களோடு இணைத்துக்கொள்ளும், வெப்-மோட் அப்படிச் செய்யாது. இமேக்ஸ் கோப்புறையிலுள்ள, இமேக்ஸ் தொடங்கும்போது வாசிக்கிற இனிட்.இஎல் பைலில் இந்த வரியை ஆங்கில எழுத்தில் நீங்களே எழுத வேண்டும்:

(எட்-டு-லிஸ்ட் 'ஓட்டோ-மோட்-அலிஸ்ட் '("\\.பிஎச்பி\\'" . வெப்-மோட்))

பின்சாய்கோடுகளை எண்ணிப் பாருங்கள்: புள்ளிக்கு முன் இரண்டு, ஒற்றை மேற்கோளுக்கு முன் இரண்டு. ஒவ்வொன்று மட்டும் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, மோடும் வராது. இமேக்ஸின் மொழியான லிஸ்பில், சரத்துக்குள் ஒற்றைப் பின்சாய்கோடு விழுங்கப்பட்டுவிடும். அப்போது புள்ளி எந்த எழுத்தையும் குறிக்கும், மேற்கோள் வெறும் மேற்கோளாக நிற்கும். பைலின் பெயரில் பிஎச்பிக்குப் பின் மேற்கோள் வந்தால்தான் பொருந்தும், அப்படி யார் பெயர் வைக்கிறார்கள்? இரண்டு போட்டால்தான் அது "பெயரின் முடிவு" என்று பொருள்படும்.

இந்த வரியை வாட்ஸப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ ஒட்டாதீர்கள். வளைந்த மேற்கோள்கள் வந்து சேர்ந்தால் இனிட் பைல் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அதற்குக் கீழுள்ள எதுவும் வாசிக்கப்படாது.

வரி சரி, ஆனாலும் வேலை செய்யவில்லை என்றால் கொன்ட்ரோல்-எச், பிறகு வி, யூசர்-இனிட்-பைல் என்று கேளுங்கள். இமேக்ஸ் உண்மையில் எந்தப் பைலை வாசித்தது என்று சொல்லும். வீட்டுக் கோப்புறையில் .இமேக்ஸ் என்று பழைய பைல் கிடந்தால் அதற்கே முதலிடம், இனிட்.இஎல்லை இமேக்ஸ் திரும்பியும் பார்க்காது. விண்டோஸில் வீட்டுக் கோப்புறை என்பது வழமையாக ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ரோமிங், டொகியுமென்ட்ஸ் அல்ல.

இன்னொரு ஏமாற்று: நோட்பேடில் சேமித்த பைலின் பெயர் .பிஎச்பி.டிஎக்ஸ்டி என்று இருக்கும், விண்டோஸ் கடைசித் துண்டை மறைத்துக் காட்டும். எக்ஸ்ப்ளோரரில் பெயர்நீட்சிகளைக் காட்டும்படி வைத்தால் தெரியும். எல்லாம் சரியானால் கீழ்ப்பட்டையில் வெப் என்று நிற்கும்.

வகுப்பில் பத்துக் கணினிக்கும் போடுவதானால் பத்துத் தரம் இறக்க வேண்டாம். ஒன்றில் போட்டுவிட்டு, இமேக்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் எல்பா கோப்புறையையும் இனிட்.இஎல்லையும் பென்ட்ரைவில் எடுத்துப் போய் மற்றவற்றில் அதே இடத்தில் வையுங்கள். இமேக்ஸ் பதிப்பு கணினிக்குக் கணினி வேறுபட்டால், எல்பாவுக்குள் வெப்-மோடின் தொகுக்கப்பட்ட .இஎல்சி பைலை மட்டும் அழித்துவிடுங்கள். மூல நிரலான .இஎல்லில் கை வைக்க வேண்டாம், இமேக்ஸ் அதையே நேரடியாக வாசித்துக்கொள்ளும், கொஞ்சம் மெதுவாக.