எம் 130 தேடி ஜோதிமாணிக்கம்

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறி ஜன்னலோரம் இடமும் கிடைத்துவிட்டால், நாகமலை கொஞ்ச தூரம் கூடவே வரும். நான் கிளம்பியது உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் கிராமத்துக்கு. கோயிலோ அருவியோ பார்க்க இல்லை, ஒரு பழைய எழுத்துப்பிழைக்காக.

ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய மனிதர்களில் ஒரு கூட்டம் கடலோரமாகவே இந்தியா வந்து, ஆஸ்திரேலியா வரை போனது என்பது ஒரு கருத்து. தடயம் எங்கே என்றால்தான் சிக்கல். பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அந்தக் காலத்துக் கரையெல்லாம் இப்போது தண்ணீருக்குள். கடப்பாரை எட்டாத இடம் என்பதால் ரத்தத்தைக் கேட்கிறார்கள்.

அதிலும் வெள்ளை அணுக்களைத்தான். சிவப்பணுவில் டிஎன்ஏ இருக்கும் உட்கரு கிடையாது. ஆண்களின் ஒய் குரோமோசோம் அப்பனிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் அப்படியே இறங்கும். எப்போதாவது அதன் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறும். மாறியது வம்சம் முழுக்கத் தொடரும். எம் 130 அப்படி ஒன்று. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் மங்கோலியரிடமும் பரவலாக உள்ள அது, ஜோதிமாணிக்கத்துக்காரர் ரத்தத்திலும் இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்காவின் ஸ்பென்சர் வெல்ஸும் கண்டார்கள்.

டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெரியவர். "ரத்தம் எடுத்த சமாச்சாரமா தம்பி? டிவிக்காரங்க வந்தாக, பேப்பர்க்காரங்க வந்தாக. இப்ப நீங்க." டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

முதல் இந்தியரே இந்த ஊர்க்காரர்தான் என்கிற மாதிரி செய்திகள் வந்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. பத்துத் தலைமுறை பின்னே போனால் அந்த வரிசையில் மட்டும் 1,024 முன்னோர். ஒய் குரோமோசோம் காட்டுவது ஒருவரை. தாய்வழியே மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இன்னொருவரை. மீதி 1,022 பேரைப் பற்றி இரண்டுக்கும் வாயே கிடையாது. ஆதிக் கிளை ஒன்றின் நுனி இங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் இல்லையா!

"அப்ப மீதிப் பேரு?" என்றார் பெரியவர்.

முழு மரபணுத்தொகுதியையும் படிக்க வேண்டும், பழைய எலும்பும் வேண்டும் என்றேன். கீழடிப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த முதுமக்கள் தாழிகளின் எலும்புகளில் அந்த முயற்சி நடக்கிறது. நம்மூர் வெயிலுக்கு டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும். உட்காதைச் சூழ்ந்த கெட்டி எலும்பில் மட்டும் கொஞ்சம் தங்க வாய்ப்பு உண்டு.

"கொந்தகையா? அது சிலைமான் தாண்டில்ல இருக்கு" என்று வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.