சூரியகாந்திப் பூவைப் படம் எடுக்கப் போறவங்க கவனத்துக்கு

சாரல் ஆரம்பிச்சா தென்காசி பக்கத்துல இருக்கற சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல்ல கேரளா வண்டிதான் அதிகம். ஃபோட்டோதான் பாதிக்குப் பாதி சொதப்பல்: இதழ்ல ஒரு கோடுகூட தெரியாம மஞ்சள் பெயிண்ட் அப்பின மாதிரி இருக்கும்.

காரணம், கேமரா நிறத்தை சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனலாப் பதியும்; மஞ்சள்ல சிவப்பு சேனல்தான் முதல்ல நிரம்பி வழியும். கேமராவுல வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் அதைக் காட்டிக்கொடுக்காது. மூணு நிறத்தையும் தனித்தனியாக் காட்டுற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பாருங்க. சிவப்பு வலது ஓரத்துல முட்டினா எக்ஸ்போஷரை மைனஸ் 0.7 வரைக்கும் இறக்குங்க. கேமராவே நிறத்தைச் சமன் பண்ற ஆட்டோ வொயிட் பேலன்ஸ் வேண்டாம். ஃபிரேம் முழுக்க மஞ்சளா இருந்தா கேமரா அதைச் சரிக்கட்டுறேன்னு நீலத்தைக் கலந்துடும். வொயிட் பேலன்ஸை 5500 கெல்வின்ல நிறுத்திடுங்க.

முற்றின பூ கிழக்கே பார்த்துதான் நிக்கும், மலை இருக்கறது மேற்கே. அதனால வயலுக்குக் கிழக்குப் பக்கம் நின்னா பூ முகமும் மேகம் இறங்குற மலையும் ஒரே ஃபிரேம்ல வந்துடும். காலை 9 மணிக்குள்ள போயிடுங்க.

மலைக் கணவாய் வழியா வர்ற காத்து சும்மா விடாது. ஷட்டர் 1/500க்குக் கீழ போனா பூ ஆடிடும். ஐஎஸ்ஓ 800 ஆனாலும் பரவாயில்லை. மலையும் தெளிவாத் தெரியணும்னா அப்பர்ச்சர் எஃப் 8.

எடிட்டிங்ல சேச்சுரேஷனை (நிற அடர்த்தியை) தொடவே தொடாதீங்க. லைட்ரூம்ல மஞ்சள் லூமினன்ஸை (பிரகாசத்தை) மைனஸ் 10, 15 இறக்கினாலே இதழ்ல நரம்பு தெரியும். மூட்டத்தைக் குறைக்குற டீஹேஸ் மலைக்கு மட்டும், அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுக்குற மாஸ்க் போட்டு. படம் முழுக்கப் போட்டா பூ நடுவுல கரி பூசின மாதிரி ஆயிடும். இதெல்லாம் கேமரா பதிஞ்சதைச் சுருக்காம வைக்கிற ரா ஃபைல்ல எடுத்தாதான். ஜேபெக்ல வழிஞ்சுபோன சிவப்பு திரும்ப வராது.

வயல்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரப்புல நில்லுங்க. செடியை மிதிச்சுக்கிட்டு செல்ஃபி வேண்டாம்.