டெபாசிட் திரும்பக் கிடைத்தது, ஆனால் முத்திரை வரியில் மாட்டினேன்

ஒருவழியாக டெபாசிட் பணம் வந்து சேர்ந்துவிட்டது. எரிச்சல் இன்னும் போகவில்லை. சிங்கப்பூரில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

செங்காங்கில் நாலறை வீவக வீடு (அரசின் வீட்டு வசதிக் கழக அடுக்குமாடி, எச்டிபி), மாதம் 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டு வருட ஒப்பந்தம், வழக்கம்போல இரண்டு மாத வாடகை டெபாசிட், ஆக 6,400. வீவக அனுமதி, மின்சாரம் தண்ணீருக்கான எஸ்பி கணக்கு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. வீட்டுக்காரரும் தமிழர்தான், "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?" என்றுதான் பேச்சையே தொடங்குவார். சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகு தம்பி போய் மிஸ்டர் வந்தது. வீடு முழுக்கப் பெயின்ட், ஏர்கானுக்குக் கெமிக்கல் வாஷ், தரையில் கீறல், திரைக் கம்பி என்று ஒரு பட்டியல் போட்டு 4,500 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 1,900 மட்டும் அனுப்பினார். ஆள் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும், இயல்பான தேய்மானத்துக்கு நான் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அவரைக் கேட்டால் "ஏஜெண்டிடம் பேசுங்க", ஏஜெண்டைக் கேட்டால் "ஓனர் முடிவு, நான் என்ன செய்றது".

சரி, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலுக்கே போய்விடலாம் என்று ஆவணங்களை எடுத்து வைத்தபோதுதான் உண்மையான தலைவலி தொடங்கியது. முத்திரை வரி கட்டாத வாடகை ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். நான்கு வருடம் வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, கையெழுத்தான 14 நாளுக்குள் கட்ட வேண்டும், வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுவார். என் கணக்குக்கு 307 வெள்ளி. கையெழுத்துப் போட்ட அன்றே "நானே கட்டிடுறேன்" என்று ஏஜெண்ட் அதை வாங்கிக்கொண்டார். பிறகு சான்றிதழ் கேட்டபோது "கட்டியாச்சு, அனுப்புறேன்" என்று வாட்ஸ்அப்பில் பதிலும் போட்டார்.

கட்டவே இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானால் அபராதம் வரியைப் போல நான்கு மடங்கு, அதாவது 1,228 வெள்ளி. டெபாசிட் கேட்கப் போனவன் வரியும் சேர்த்துக் கையிலிருந்து 1,535 வெள்ளி எடுத்து வைக்க வேண்டும்!

ஏஜெண்ட் முதலில் சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்றார், அப்புறம் அப்போதிருந்த உதவியாளர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார், அதன் பிறகு ஃபோனையே எடுக்கவில்லை. பணம் அனுப்பிய பேங்க் விவரம், "கட்டியாச்சு" என்ற அந்த மெசேஜ் இரண்டையும் சேர்த்து அவருக்கே அனுப்பி, இது ஏஜெண்டுகளைக் கண்காணிக்கும் சிஇஏவுக்கும் உங்கள் கம்பெனிக்கும் போகிறது என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அன்று சாயங்காலமே அவராகக் கூப்பிட்டார், அபராதத்தோடு முழுவதையும் அவரே கட்டினார். அதனால் வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள். இந்த வரியை யார் கையிலும் கொடுக்கவும் வேண்டாம், வரி ஆணையத்தின் தளத்தில் சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) வழியாக நாமே கட்டலாம், கட்டியதும் சான்றிதழ் வந்துவிடும். வீவக வாடகை வீடு என்றால் டெபாசிட்டையோ வாடகையையோ ஏஜெண்ட் கையாளவே கூடாது என்பது விதி, அதையும் நினைவில் வையுங்கள்.

மற்றபடி டிரைபியூனலில் பதிவு செய்வது சுலபம். எல்லாம் ஆன்லைன், 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான், இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. விசாரணையில் வீட்டுக்காரர் நீட்டியது ஒரு பெயின்ட் கொட்டேஷன், ரசீது இல்லை. நான் நீட்டியது அதே வீட்டை அவர் மறுபடி வாடகைக்கு விட்ட விளம்பரப் படங்கள். என் மகள் கிறுக்கிய பென்சில் கோடு முதற்கொண்டு பழைய சுவர் அப்படியே இருந்தது, பெயின்ட் எங்கே அடித்தார்? தரைக் கீறல் குடிவந்த அன்று நான் எடுத்த படத்திலேயே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் செய்த பில்களை வரிசையாக வைத்ததும் கெமிக்கல் வாஷ் பேச்சும் நின்றது. திரைக் கம்பி மட்டும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தொங்கி வளைத்ததுதான், அதற்கு 120 வெள்ளி விட்டுக்கொடுத்தேன். மீதி 4,380ஐத் திருப்பித் தருவதாக அங்கேயே ஒப்புக்கொண்டார், உத்தரவும் ஆனது.

புதிதாக ஒப்பந்தம் போடுபவர்கள் காலத்தைக் கவனியுங்கள். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தம் இந்த டிரைபியூனலில் எடுபடாது. கோரிக்கைத் தொகை 20,000 வெள்ளி வரைதான், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

வீடு வாடகைக்கு விடுபவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இதே கதைதான். நிஜமாகவே வீட்டைச் சேதப்படுத்தியிருந்தால் முதலில் பழுது பாருங்கள், ரசீதையும் முன்பின் படங்களையும் வைத்துக்கொண்டு பிறகு பணத்தைப் பிடியுங்கள்.